இறக்கத்துக்குத் தயாராகாத கைகள்: ஏரி மாவட்டத்துக்குச் சைக்கிளோடு போகிறவர்களுக்கு

சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அண்ணன் என் அறைக்குள் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் சைக்கிளை எடுத்துவிடுவார். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட்டில், அதாவது ஏரி மாவட்டத்தில், நண்பர்களோடு ஐந்து நாள் கிராவல் பைக் (சரளைக்கல் பாதைக்கான அகல டயர் சைக்கிள்) ஓட்டிவிட்டுத் திரும்பி அப்போது பத்து நாள் ஆகியிருந்தது. இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப் போயிருந்தன.

“ஏறும்போது ஒண்ணும் ஆகலம்மா. இறங்கும்போதுதான் கை எரிய ஆரம்பிச்சுது. பிரேக்கை விட்டா விழுந்திடுவேன், பிடிச்சா கை போயிடும்போல இருந்துச்சு” என்றார்.

அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பிசியோதெரபிஸ்டாக இதே கதையை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். ஜூன் பள்ளி விடுமுறை முடிந்ததும் இரண்டு மூன்று பேராவது வருவார்கள். எல்லாரும் நன்றாகப் பயிற்சி எடுத்துப் போனவர்கள். ஆனால் எல்லாரும் ஏறுவதற்குத்தான் பயிற்சி எடுத்திருப்பார்கள். இறங்குவதற்கு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

அதற்குக் காரணம் நம் ஊரின் அமைப்பு. சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று, 164 மீட்டர். மவுண்ட் ஃபேபர் நூறு மீட்டரைச் சற்றே தாண்டும். இங்கே எந்த இறக்கமும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கிலாந்தின் மிக உயரமான மலையான ஸ்காஃபெல் பைக் (978 மீட்டர்) ஏரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. சைக்கிள் போகும் கணவாய்களே 400, 500 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கே சரளைக்கல்லில் இறங்க ஆரம்பித்தால் கால் மணி நேரத்துக்குப் பிரேக்கிலிருந்து விரல் எடுக்க முடியாது. அந்தக் கால் மணி நேரம் எப்படி இருக்கும் என்று நம் கைக்குத் தெரியவே தெரியாது.

முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்புக்குப் பெயர் உல்நார். அது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக, இரண்டு சிறு எலும்புகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய வழியாக உள்ளங்கைக்குள் நுழைகிறது. ஹேண்டில்பாரில் கையை ஊன்றினால் பாரம் சரியாக அந்த இடத்தில்தான் விழும். தார்ச்சாலையில் அது வெறும் அழுத்தம். சரளைக்கல்லில் அழுத்தத்தோடு அதிர்வும் சேர்கிறது. இறக்கத்தில் உடம்பின் பாரம் முன்னால் சரிந்து, மணிக்கட்டு பின்பக்கம் மடிந்து, விரல்கள் பிரேக்கை இறுக்கிக்கொண்டிருக்கும். நரம்பு நசுங்குவதற்கு இதைவிட வசதியான நிலை வேறில்லை.

மரத்துப்போவதோடு நின்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். அழுத்தத்தை நிறுத்தினால் சில நாளில், சில வாரத்தில் சரியாகும். என் கவலை வலுவிழப்பைப் பற்றித்தான். அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் அதை இழுக்கட்டும். தாளை விடாமலிருக்கக் கட்டைவிரலின் நுனிக்கணு தானாக மடிந்துகொண்டால், நரம்பு தசையை இயக்கும் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். அந்த அண்ணனுக்கு வலக்கையில் நன்றாகவே மடிந்தது. மருத்துவரிடம் அனுப்பினேன். நரம்புச் சோதனை எடுத்தார்கள். முழுவதும் சரியாக நாலு மாதம் பிடித்தது. அதுவரை சைக்கிளைத் தொடக்கூடாது என்று சொன்னபோது அவர் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது.

இன்னொரு காயத்தையும் சொல்லியாக வேண்டும். இதைத் தவறவிட்டால் ஆயுளுக்கும் தொல்லை. தேசிய சேவை முடித்த கையோடு போன ஒரு தம்பி, ஈரமான பலகைக்கல்லில் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்குதான் என்று ஓர் இடத்தில் சொல்லிக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். ஏழு வாரம் கழித்து, வலி போகவில்லை என்று என்னிடம் வந்தார். கட்டைவிரலை மேலே தூக்கினால் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சிறு குழி விழும். அந்தக் குழியில் லேசாக அழுத்தியதும் துள்ளிவிட்டார். ஸ்கஃபாய்ட் என்ற சின்ன எலும்பு முறிந்திருந்தது. இந்த முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது உண்டு. அந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கித்தான் வருகிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால், இரத்தம் கிடைக்காத பாதி செத்துவிடலாம். அதனால் கையை ஊன்றி விழுந்து அந்தக் குழியில் வலித்தால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், கட்டைவிரலோடு சேர்த்துக் கட்டி அசையாமல் வைத்து, பத்துப் பதினாலு நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அல்லது எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

சரி, இங்கிருந்தே எப்படித் தயாராவது?

நீர்த்தேக்கம் நிறைய இருக்கிறதே, அதைச் சுற்றி ஓட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் காட்டுப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அது நடப்பவர்களுக்கும் காட்டு உயிர்களுக்கும் உரிய இடம், அப்படியே இருக்கட்டும். அதிர்வுக்குக் கை பழக ரயில் காரிடார் போதும். 2011-இல் ரயில் நின்ற பிறகு நமக்குக் கிடைத்த, தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரையிலான 24 கிலோமீட்டர் தடம் அது. ஆனால் ரயிலுக்காகச் சமன் செய்த தடம் என்பதால் அங்கே இறக்கம் பழக முடியாது. அதற்குச் செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். 81 ஹெக்டர் பரப்பு. சைக்கிளுக்கென்றே தனிப் பாதை இருக்கிறது. அப்புறம் சாங்கியில் படகேறி, புலாவ் உபினில் உள்ள கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்கா. ஒரே இறக்கத்தை எட்டுப் பத்து முறை இறங்குங்கள். பார்க்கிறவர்களுக்கு வினோதமாகத் தெரியலாம், ஆனால் கைக்குத் தேவையானது அதுதான். மழை பெய்த மறுநாள் போனால் செம்மண் வழுக்கும். பாதைக்கும் கெடுதல், உங்களுக்கும் கெடுதல்.

சைக்கிளே இல்லாமல் செய்யக்கூடிய பயிற்சி ஒன்றை எல்லாருக்கும் சொல்வேன். உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மின்தூக்கியில் ஏறுங்கள், படியில் இறங்குங்கள். தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்கப் பழகுவது இறங்கும்போதுதான். பெடல்மேல் நின்றபடி இறக்கத்தில் போகும்போது தொடை தளர்ந்தால், அந்தப் பாரம் அத்தனையும் கைக்கு வந்துவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் மூன்று நாலு மாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளோக்கின் கீழே உள்ள உடற்பயிற்சி மூலையில் கம்பியைப் பிடித்து அரை நிமிடம் தொங்குங்கள். வீட்டில் ஈரத் துண்டைப் பிழியுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்தால் பிடியில் வித்தியாசம் தெரியும்.

சைக்கிளில் நான் முதலில் பார்ப்பது டயர்க் காற்றை. தார்ச்சாலைப் பழக்கத்தில் கல்லாக ஏற்றிவிடுகிறோம். 45 மில்லிமீட்டர் அகல டியூப்லெஸ் டயருக்கு, 70 கிலோ எடையுள்ளவர் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். அடுத்து சீட். அதன் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைக் கைதான் தடுக்கும். மூன்றாவது பிரேக் லீவர். நம் பெண்கள் பலருக்கும் விரல் நீளம் குறைவு. லீவர் எட்டாமல் விரல் நுனியால் இழுத்துக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலான லீவர்களில் அதைப் பக்கத்தில் கொண்டுவர ஒரு சிறு திருகு இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஒருவர் வருடக்கணக்கில் வலியோடு ஓட்டியிருக்கிறார் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இறங்கும்போது ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடியுங்கள். அங்கிருந்து ஓரிரு விரலாலேயே பிரேக் நன்றாகப் பிடிக்கும். இடுப்பைப் பின்னால் தள்ளி, பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, குதிகாலை இறக்குங்கள். கை எரிய ஆரம்பித்தால் நின்றுவிடுங்கள். உதறிக்கொண்டு, ஏரியைப் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே வாடகைக்கு எடுக்கும் சைக்கிளில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு என்பதுதான் வழக்கம். உங்கள் சைக்கிளில் மாறியிருந்தால், மலையேறும் முன்பே சமதளத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

பாதைகளை எந்த வரிசையில் ஓட்டுவது என்பதும் முக்கியம். முதல் நாளே கார்பர்ன் கணவாய்க்குப் போகாதீர்கள். சுமார் 450 மீட்டர் உயரம், இறங்கும் வழியெல்லாம் உருளும் கல். விமானக் களைப்போடு அங்கே போய் விழுந்தவர்களை எனக்குத் தெரியும். முதல் நாளுக்குக் கெசிக்கிலிருந்து த்ரெல்கெல்ட் வரை போகும் பழைய ரயில் தடம் நல்லது. சுமார் 5 கிலோமீட்டர், கிரெட்டா ஆற்றை மாறி மாறிக் கடந்து போகும். 2015 டிசம்பர் புயல் வெள்ளத்தில் அதன் பாலங்கள் அடித்துப்போய், 2020 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். நம் ரயில் காரிடாரில் ஓட்டியவர்களுக்கு அது பழகிய வழி போலவே இருக்கும். இரண்டாம் நாள் விண்டர்மியர் ஏரியின் மேற்குக் கரை. பௌனெஸ் பக்கத்திலிருந்து சைக்கிளோடு படகில் அக்கரைக்குப் போய், ரே காசில் வரை தண்ணீரை ஒட்டியே ஓட்டலாம். 17 கிலோமீட்டருக்கு மேல் நீளும் விண்டர்மியர்தான் இங்கிலாந்தின் மிகப் பெரிய இயற்கை ஏரி. அதற்கப்புறம் கிரைஸ்டேல் காட்டின் அகலமான சரளைப் பாதைகள். என்னைக் கேட்டால் கிராவல் பைக்குக்கு அதைவிடப் பொருத்தமான இடம் அந்த வட்டாரத்தில் இல்லை. பெரிய கணவாய்கள் நாலாம் நாளுக்குப் பிறகு போதும்.

வழிகாட்டிக் கம்பத்தில் நீல அம்பு இருந்தால் குதிரைப் பாதை, சைக்கிளும் போகலாம். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீலத்திலும் நடப்பவருக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும்.

மழை நமக்குப் புதிதில்லை என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர். அங்கே சீத்வெயிட் என்ற சிற்றூரில் 3,000-த்தையும் தாண்டும், அதுவும் குளிர்ந்த மழை. நனைந்து விறைத்த விரலுக்குப் பிரேக்கை எவ்வளவு இழுத்திருக்கிறோம் என்றே தெரியாது. கோடையானாலும் முழுவிரல் கையுறை இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள். மலையில் விபத்து என்றால் 999-ஐ அழைத்து, முதலில் காவல்துறையைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. ஒரு விசிலும் வைத்திருங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதினால் உதவி தேவை என்று அங்கே புரிந்துகொள்வார்கள்.

திரும்பி வந்து இரண்டு வாரத்துக்கு மேல் விரல் மரத்திருந்தால், அல்லது அந்தத் தாளைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மடிந்தால், பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள். பிசியோவிடம் வருவதானால் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு வாருங்கள். அதில் நீங்கள் உட்காரும் விதத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்து எங்களால் பாதிதான் சொல்ல முடியும்.