மணப்பெண்ணுக்குக் கொடுப்பது மணப்பெண்ணிடம் இருக்கட்டும்

ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் போதும், "தங்கச்சி மகளுக்குக் கல்யாணம், என்ன செய்யலாம் மேடம்?" என்று வழக்குக்காக வரும் கட்சிக்காரர்களே கேட்பார்கள். குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று உங்களுக்குத் தோன்றலாம். கல்யாணத்தில் கொடுத்த பொருள் பின்னாளில் என்ன ஆகிறது என்பது நகைக்கடைக்காரரைவிட எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஜீவனாம்சத்துக்கும் குழந்தை யாரிடம் என்பதற்கும் அடுத்தபடியாக நீதிமன்றத்தில் இழுபடுவது நகையும் பீரோவும் பாத்திரமும்தான். எல்லாக் கல்யாணமும் எங்களிடம் வருவதில்லை, தெரியும். ஆனாலும் நான் சொல்லும் பதில் எல்லாருக்கும் ஒன்றுதான்: எதைக் கொடுத்தாலும் அவள் பெயரில், அவள் கையில், ஒரு காகிதத்தோடு கொடுங்கள்.

மதுரை, தேனிப் பக்கம் மொய் எழுதுகிற ஒழுங்கைப் பாருங்கள். ஊர், பெயர், அப்பா பெயர், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பட்டப்பெயர், அப்புறம் தொகை. இப்போது பல மண்டபங்களில் கணினியில் ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய்க்கு இத்தனை பதிவு. அதே மேடையில் தாய்மாமன் போட்ட ஐந்து பவுன் சங்கிலியைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இருக்காது. மொய் நோட்டும் பெண்ணோடு போவதில்லை. திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு என்பதால் அது அப்பாவின் பீரோவில் இருக்கும். ஆக, மொய் குடும்பத்துக்குச் செய்வது. பெண்ணுக்கென்று நினைத்தால் அதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

மொய் நோட்டு போன்ற ஒரு பட்டியலைச் சட்டமே கேட்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-இல் ஒரு விதி வந்தது. பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்தவற்றுக்கு ஒரு பட்டியல். ஒவ்வொன்றிலும் பொருளின் சிறு விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினர் என்றால் என்ன உறவு என்பது இருக்க வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டிலும் கையெழுத்திட வேண்டும். பெண்ணின் பட்டியலைப் பெண் வைத்துக்கொள்வாள். இந்தச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமானது அல்ல, எல்லா மதத்தினருக்கும் பொருந்தும்.

"மண்டபத்தில் போய் கையெழுத்துக் கேட்டால் சம்பந்தி என்ன நினைப்பார்?" என்பார்கள். நியாயம்தான். மண்டபத்தில் கேட்க வேண்டாம். திருமணத்தின்போது, அல்லது முடிந்த பின் கூடிய விரைவில் எழுதலாம் என்றே விதி சொல்கிறது. பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கும் நாளில் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். அவரவர் நண்பர்கள் என்ன கொடுத்தார்கள் என்று சிரித்துக்கொண்டே முடிந்துவிடும் வேலை. படமெடுத்து இருவருடைய மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிட்டால் தேதியும் பதிவாகிவிடும். இது மாப்பிள்ளை வீட்டாருக்கும் பாதுகாப்பு. முப்பது பவுன் போட்டு ஐம்பது என்று மனுவில் எழுதப்பட்ட வழக்குகளும் உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கியதைப் பட்டியலில் எழுதினால் அது பரிசாகிவிடாது. கேட்டு வாங்கினால் வரதட்சணைதான். வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம்.

அன்பாகக் கொடுத்த நகை கைமாறுவது பெரும்பாலும் சண்டையில் அல்ல. "கழட்டிக் குடும்மா, பத்திரமா லாக்கர்ல வச்சுடறேன்" என்று முதல் வாரத்திலேயே நடந்துவிடும். கேரளத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு இப்படித்தான் தொடங்கியது. 2003-இல் திருமணம், பெண்ணுக்குப் போட்டது 89 பவுன். முதல் இரவிலேயே பாதுகாப்புக்கென்று வாங்கி மாமியாரிடம் கொடுத்துவிட்டார் கணவர் என்பது பெண்ணின் புகார். 2011-இல் குடும்ப நீதிமன்றம் பெண்ணுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2022-இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. சீதனம், அதாவது பெண்ணுக்கென்று கொடுத்த பொருள், கணவன் மனைவியின் கூட்டுச் சொத்து அல்ல, நெருக்கடியில் கணவன் பயன்படுத்தினாலும் திருப்பித்தர வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இன்னொரு தீர்ப்பு, மகள் அதிகாரம் கொடுக்காமல் அப்பாவேகூட அவளுடைய சீதனத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்றது. போட்டது அப்பா என்றாலும் பொருள் மகளுடையது.

அதனால்தான், நெருங்கிய உறவினர் தங்கம் கொடுப்பதானால் பில்லை மணப்பெண் பெயரில் போடச் சொல்கிறேன். அப்பா பெயரிலும் சித்தப்பா பெயரிலும் இருக்கிற பில்களை வைத்துக்கொண்டு "இந்த ஆரம் இவளுக்கு வந்ததுதான்" என்று நிரூபிக்க நாங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. நிகர எடை, தரம், கல்லின் எடை தனியாகப் பில்லில் இருக்கட்டும். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். இரண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அதனால் அரை கிராம் மோதிரம் வாங்கும் நண்பர்கள் கூடுதலாக விசாரிக்க வேண்டும். சேதாரமும் செய்கூலியும் தின்பதைப் பார்த்தால் சிறு தொகைக்கு நாணயமே மேல் என்பது என் எண்ணம். போட்டு அழகு பார்க்க முடியாதே என்று அத்தைமார் ஒத்துக்கொள்வதில்லை.

அண்ணன் தம்பிகளுக்கு நான் சொல்லும் யோசனை வேறு. தங்கை பெயரில் ஒரு வங்கி லாக்கர் எடுத்து, முதல் சில வருட வாடகையைக் கட்டிக்கொடுங்கள். தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு நேர்ந்தால் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான் வங்கி பொறுப்பேற்கும். ஆகவே நகை அதிகம் என்றால் காப்பீடும் பாருங்கள்.

தோழிகள் விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஓர் உணவகத்தில் கூடி, மணப்பெண்ணுக்கு ரிப்பன் மாட்டிக் கேக் வெட்டும் பிரைடல் ஷவர் இப்போது சென்னை, கோவை தாண்டியும் வந்துவிட்டது. கொண்டாடட்டும். ஆனால் பெயர் பொறித்த குவளையும் புகைப்பட விளக்கும் பத்துப் பேர் தனித்தனியாகக் கொடுத்தால் அத்தனையும் பரணுக்குத்தான் போகும். பத்துப் பேரும் சேர்ந்து ஒன்று கொடுங்கள். அவளிடமே கேட்டுவிடுங்கள், கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. வண்டி ஓட்டத் தெரியாதவளுக்கு ஓட்டுநர் பயிற்சிக் கட்டணம், வேறு ஊருக்குப் போகிறவளுக்கு நல்ல பெட்டி, மடிக்கணினியில் வேலை செய்கிறவளுக்கு மேசையும் நாற்காலியும். குக்கர் வேண்டவே வேண்டாம், எப்படியும் மூன்று வரும்.

அதிகச் செலவில்லாத ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு நல்ல கோப்புப் பை. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட், பான், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அதில் அடுக்கி, ஸ்கேன் செய்து அவள் மட்டும் திறக்கக்கூடிய கணக்கில் ஏற்றிக்கொடுங்கள். பிரச்சினை வந்து கட்டிய புடவையோடு கிளம்புகிற பெண்கள் என் அலுவலகத்தில் முதலில் அழுவது நகைக்காக அல்ல, சான்றிதழ்களுக்காக. அவை இல்லாமல் மறுநாள் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நடுவர் (மாஜிஸ்திரேட்) சீதனத்தைத் திருப்பிக்கொடுக்க உத்தரவிடலாம். அந்த உத்தரவு கைக்கு வரும்வரை நாள்கள் போகும்.

கடைசியாக வரி, இதைக் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை. திருமணத்தை ஒட்டி மணமக்களுக்கு வரும் பரிசுக்கு வருமான வரி கிடையாது, கொடுப்பவர் உறவினராக இல்லாவிட்டாலும். இந்த விலக்கு மணமக்களுக்கு மட்டும். அப்பா தன் பெயரில் உறவினர் அல்லாதவர்களிடம் வாங்கும் தொகை ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வரிக்கு உட்படும். ரொக்கமாக ஒரே நபரிடமிருந்து ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு அபராதம். பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்கே அனுப்பி, குறிப்பில் "திருமணப் பரிசு" என்று எழுதிவிடுங்கள். கூட்டுக் கணக்கு வேண்டாம்.