ஜீன்ஸ் நீலம் லெதர் சீட்டில் ஏறுவதும் இறங்குவதும்

“வெளிர் நிற லெதர் சீட்டில் ஜீன்ஸ் நீலம் ஏறிவிட்டது. தேய்த்தால் துணியில் நீலம் வருகிறது. ஆனால் சீட்டில் கறை குறையாமல் சுற்றிலும் பரவுகிறது. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. சீட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அழுக்கு தேய்த்தால் போய்விடும். இந்த நீலம் சீட்டின் மேற்பூச்சுக்கு உள்ளே போய்விட்டது.

கார் சீட்டில் நம் கை படுவது பெரும்பாலும் தோலில் இல்லை. பதனிட்ட தோலின் மேல் ஒரு நிறப்பூச்சு, அதற்கும் மேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன நிறமற்ற பூச்சு. இரண்டும் சேர்ந்தாலும் பொதுவாகத் தலைமுடியின் தடிமனைத் தாண்டாது. உங்கள் சீட் இந்த வகைதானா என்று பார்க்க, கண்ணில் படாத ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிடம் முத்தாக நின்றால் பூச்சு உள்ள தோல். உறிஞ்சிக் கருத்தால் பூச்சில்லாத தோல். அதற்கு வைத்தியமே வேறு. சீட்டின் பக்கவாட்டும் முதுகுப்புறமும் பல கார்களில் செயற்கைத் தோல் என்பதையும் நினைவில் வையுங்கள். அது பிவிசி என்ற பிளாஸ்டிக் என்றால், அதை வளையச் செய்யும் மென்மையாக்கி எண்ணெய் சாயத்துக்கும் வழிவிடும்.

இனி நீலத்துக்கு வருவோம். ஜீன்ஸில் இருப்பது இண்டிகோ, அவுரிச் செடியில் இருந்து எடுத்துவந்த அதே சாயம். 1897 முதல் இது ஆலையில் செயற்கையாகத் தயாராகி விற்பனைக்கு வந்தது. இண்டிகோ தண்ணீரில் கரையாது. ஆகவே சாயத்தொட்டியில் அதை முதலில் ஒடுக்கவினைக்கு உட்படுத்தி, கரையும் மஞ்சள்பச்சை வடிவத்துக்கு மாற்றுவார்கள். நூல் அதில் முங்கி எழுந்து காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் நடந்து நீலம் திரும்புகிறது. திரும்பவும் கரையாப் பொருளாகி நூலின் வெளிவளையத்தில் சிக்கிக்கொள்கிறது. நூலின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். பருத்தியோடு இண்டிகோவுக்கு வேதிப்பிணைப்பு கிடையாது, வெறுமே சிக்கி நிற்கிறது. அதனால்தான் புது ஜீன்ஸில் ஒவ்வொரு உராய்விலும் நீலத்துகள் உதிர்கிறது.

உதிர்ந்த துகள் முதலில் பூச்சின் மேல்தான் கிடக்கிறது. அன்றைக்கே சோப்பு நுரையால் துடைத்தால் கதை முடிந்தது. விட்டுவிட்டால்தான் வினை.

பாலியூரித்தேன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு சங்கிலியிலும் விறைப்பான துண்டும் நெகிழ்வான துண்டும் மாறி மாறி வரும். விறைப்பான துண்டுகள் ஒன்றோடொன்று கூடிப் பூச்சுக்கு வலு தருகின்றன. நெகிழ்வான துண்டுகளோ சாதாரண வெப்பநிலையிலேயே புழுப்போல நெளிந்துகொண்டே இருக்கின்றன. நெளியும்போது இடையில் மூலக்கூறு அளவில் சின்னச்சின்ன இடைவெளிகள் திறக்கும், மூடும். திறந்த நொடியில் பக்கத்தில் இருக்கும் சாய மூலக்கூறு ஒரு தாவு தாவி உள்ளே போகும். அடுத்த இடைவெளி எந்தப் பக்கம் திறக்கிறதோ, அந்தப் பக்கம் அடுத்த தாவு. பள்ளியில் படித்த விரவல்தான் இது, திண்மத்துக்குள் நடக்கிறது. உடம்புச் சூடும் வியர்வையும் சேர்ந்தால் நெளிவு கூடும். வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் சீட் 60 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இன்னும் கூடும்.

விரவலுக்கு அழகான ஒரு கணக்கு உண்டு: போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் நாளில் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரான் இறங்க 4 நாள் ஆகும், 15 மைக்ரானுக்கு 9 நாள். வெளியே எடுப்பதற்கும் இதே கணக்குதான். 9 நாள் ஊறிய கறை மும்மடங்கு ஆழத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெளியேற ஒன்பது மடங்கு நேரம் வேண்டும். அத்தனை நேரம் கரைப்பானைத் தாங்க மேற்பூச்சால் முடியாது. பழைய கறை பிடிவாதம் பிடிப்பதன் காரணம் இதுதான்.

ஆல்கஹால் போன்ற கரைப்பான் என்ன செய்கிறது? பூச்சுக்குள் புகுந்து சங்கிலிகளை விலக்கி, பூச்சை உப்ப வைக்கிறது. சாயத்தின் நடமாட்டம் பல மடங்கு வேகமாகிறது. ஆனால் வேகம் எல்லாத் திசையிலும்தான். வெளியே வா என்று சாயத்துக்கு யாரும் வழி காட்டுவதில்லை. செறிவு எங்கே குறைவோ அங்கே அது போகும். சுத்தமான பஞ்சில் சாயச் செறிவு பூஜ்யம், ஆகவே பஞ்சுக்கு வரும். அதே பஞ்சை மறுபடி மறுபடி தேய்த்தால், பஞ்சிலும் சாயம் நிறைந்து அந்த வழி அடைபடும். பக்கத்தில் இருக்கும் சுத்தமான பூச்சும், கீழே இருக்கும் நிறப்பூச்சும்தான் மிச்சம். வாசகர் பார்த்த பரவல் இதுவே. கரைப்பானின் வீரியத்தைவிட, எத்தனை முறை பஞ்சு மாற்றினோம் என்பதே கறையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

செய்முறை இப்படி. சீட் கை வைத்தால் குளுமையாக இருக்கட்டும். முதலில் வாக்குவம் கிளீனரால் மணல்துகளை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் துடைக்கும் துணி உப்புத்தாளாகும். 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன், அதாவது 2 முதல் 3 மில்லி, நடுநிலையான பி.எச். உள்ள, அதாவது அமிலமும் இல்லாத காரமும் இல்லாத, திரவ சோப்பு போதும். அதை அடித்து நுரையை மட்டும் மென்மையான பிரஷ்ஷில் அள்ளுங்கள். நுரையில் சோப்பு மூலக்கூறு நிறைய, தண்ணீர் கொஞ்சம். தையல் துளை வழியே உள்ளே இறங்காது. ஒரு சாண் அகலத்துக்கு அரை நிமிடம் வட்டமாகத் தேய்த்து, ஈரமான வெள்ளை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வெள்ளைத் துணியில்தான் என்ன வருகிறது என்று தெரியும். மூன்று முறை செய்த பிறகு துணியில் நீலம் வருவது நின்று, சீட்டில் கறை மட்டும் மிஞ்சினால், மிச்சம் உள்ளே இருக்கிறது.

அப்போது 70 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். மறைவான இடத்தில் சோதிக்காமல் கறையில் வைக்கக் கூடாது. பஞ்சுக் குச்சியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கறையின் ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி வாருங்கள். தேய்க்க வேண்டாம், இரண்டு மூன்று நொடி வைத்து எடுத்து, குச்சியைச் சற்றே உருட்டி, புது முகத்தால் அடுத்த ஒற்று. ஒரு சுற்று உருட்டியதும் குச்சியைப் போட்டுவிடுங்கள். பத்து ஒற்றுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து ஐந்து நிமிடம் விட்டால், உப்பிய பூச்சு ஆல்கஹாலை விட்டு இறுகும். பஞ்சில் நீலத்துக்குப் பதில் சீட்டின் பழுப்போ சாம்பலோ தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். மேற்பூச்சு போய் நிறப்பூச்சு கரையத் தொடங்கிவிட்டது.

பால்பாயிண்ட் பேனா கோட்டுக்கும் இதே முறைதான், ஆனால் அவசரம் அதிகம். அந்த மையில் பென்சைல் ஆல்கஹால், ஃபீனாக்ஸி எத்தனால் போன்ற மெதுவாக ஆவியாகும் கரைப்பான்கள் உண்டு. மையே தன் கரைப்பானைச் சுமந்துவந்து பூச்சை உப்ப வைத்து உள்ளே போகிறது. ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தால் தப்பலாம்.

காபி, பால், ரத்தம் எல்லாம் நீர்க்கறை. உடனே ஒற்றி, குளிர்ந்த நீரில் அடித்த நுரை போதும். சூடு பட்டால் ரத்தத்தின் புரதம் உறைந்து பிடித்துக்கொள்ளும். துளையிட்ட சீட்டில் எதையும் நேராகத் தெளிக்காதீர்கள். கீழே ஃபோமும், சில கார்களில் ஹீட்டர் கம்பியும் ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் சென்சாரும் இருக்கின்றன. பூச்சில்லாத தோலில் எண்ணெய் சிந்தினால் சோள மாவைத் தூவி ஓர் இரவு விடுங்கள். மாவின் துகள்களுக்கு இடையே உள்ள நுண்புழைகள் எண்ணெயை மேலே இழுக்கும்.

இங்கே சில நம்பிக்கைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பற்பசை கறையை எடுக்கிறது என்றால், அதில் இருக்கும் உராய்பொடி மேற்பூச்சோடு சேர்த்துச் சுரண்டுகிறது என்று பொருள். வெள்ளை மெலமின் ஸ்பாஞ்சும் அப்படியே. நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் கறையும் போகும், பூச்சும் போகும். துணி துவைக்கும் பவுடர் கரைசல் காரம்; தோலோ பதனிடும்போதே இலேசான அமிலத்தன்மையில் நிலைபெற்றது. விரிசல் வழியே காரம் இறங்கினால், தோலை மிருதுவாக வைத்திருக்கும் கொழுப்பு வெளியேறி விறைத்துவிடும். எல்லாவற்றையும் விட வருத்தம் தருவது, லெதருக்கு மாதாமாதம் எண்ணெய் ஊட்ட வேண்டும் என்ற பேச்சு. பாலியூரித்தேன் பூச்சு அந்த எண்ணெயை உள்ளே விடாது. அது மேலே தங்கிப் பளபளக்கும், தூசியைப் பிடிக்கும், அடுத்த ஜீன்ஸின் நீலத்துக்கு ஈரமான படுக்கை விரிக்கும். நல்ல நிலையில் உள்ள பெரும்பாலான கார் லெதர் மங்கலாகத்தான் இருக்கும். நாள்பட்ட சீட்டின் பளபளப்பு உடம்பு எண்ணெயும் அழுக்கும்தான்.

இவ்வளவு செய்தும் போகாத கறைக்கு நிறம் ஏற்றுவதே வழி. சுத்தம் செய்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, அதே நிறத் தண்ணீர்ப்பூச்சை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, மேலே நிறமற்ற பூச்சு தருவார்கள். கீழே எஞ்சியிருக்கும் சாயத்தை அதற்கு முன் தனிப் பூச்சால் அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் மேலே நிறம் அடித்தால், சில வாரங்கள் வெயிலில் கிடந்த பிறகு அதே நீலம் புதுப் பூச்சுக்குள் மேல்நோக்கி விரவி, அதே இடத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும்.