வரைபடத்தாளில் சாய்ந்த கொடிக்கம்பம்

நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "(2, 5) என்ற புள்ளியைக் குறிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் (5, 2)-இல் கொண்டுபோய் வைக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இதே கதைதான். இதற்கு ஒரு வழி சொல்லுங்கள் சார்."

வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தவறைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட நல்ல வடிவியல் அதற்குள் இருக்கிறது.

அடிப்படை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கிடையாக எக்ஸ் அச்சு, நிமிர்ந்து ஒய் அச்சு, இரண்டும் வெட்டும் இடம் ஆதிப்புள்ளி, சுற்றிலும் நான்கு கால்பகுதிகள். சோடியில் முதல் எண் பக்கவாட்டில் நகர, இரண்டாவது எண் மேலே கீழே நகர. ரெனே டெகார்த் படுக்கையில் கிடந்தபடி கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று வகுப்பில் சொல்வார்களே, அந்த ஈக்கு நம்பகமான சான்று எதுவும் கிடையாது. 1637-இல் வெளிவந்த அவருடைய வடிவியல் நூலைப் புரட்டினால் நாம் கரும்பலகையில் போடுகிற அந்தக் கூட்டல் குறி மாதிரியான அச்சுகளும் கிடைக்காது. அதே காலத்தில் பிரான்சிலேயே பெர்மா என்ற கணித மேதையும் தனியாக இதே வழியில் யோசித்திருந்தார். குறை எண்களோடு நான்கு கால்பகுதிகளும் சர்வசாதாரணமாகப் புழங்குவதற்கு அதற்குப் பிறகும் சில தலைமுறைகள் ஆயின. அந்தக் காலத்துக் கணித மேதைகளுக்கே அவ்வளவு நாள் பிடித்த விஷயத்தை நாம் ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைகளிடம் ஒரே பீரியடில் எதிர்பார்க்கிறோம். போகட்டும்.

இப்போது ஒரு கொடி வரைவோம். (2, 1), (2, 6), (5, 6), (5, 4), (2, 4). வரிசையாகப் புள்ளி வைத்து இணைத்தால் 5 அலகு உயரத்துக்கு ஒரு கம்பம் நிற்கும், அதன் உச்சியில் வலது பக்கமாகத் துணி விரிந்திருக்கும். இதையே எண்களை மாற்றிப் போடுகிற பிள்ளை (1, 2), (6, 2), (6, 5), (4, 5), (4, 2) என்று வைக்கும். கம்பம் தரையோடு படுத்துவிடும். "சார், என் கொடி சாஞ்சிடுச்சு" என்று பிள்ளை சொல்லும், நாமும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் உற்றுப் பாருங்கள். நிற்கிற கம்பம் உண்மையிலேயே வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தால் துணி கம்பத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும். இங்கே துணி மேலே நிற்கிறது! அப்படியானால் கொடி சாயவில்லை, வேறு ஏதோ நடந்திருக்கிறது.

என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். சரியான கொடியையும் தவறான கொடியையும் ஒரே தாளில் வரையுங்கள். ஆதிப்புள்ளியிலிருந்து (1, 1), (2, 2), (3, 3) வழியாகக் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டின் மேல் தாளை மடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஒரு கொடி மற்றொன்றின் மேல் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருக்கும். ஆக அது சாய்ந்த கொடி இல்லை, அந்தக் குறுக்குக் கோட்டைக் கண்ணாடியாக வைத்தால் தெரிகிற பிம்பம்.

ஏன் இப்படி என்பதற்குத் தனியாக நிரூபணம் எழுதத் தேவையில்லை, மடிப்பே நிரூபணம்தான். மடித்ததும் எக்ஸ் அச்சு போய் ஒய் அச்சின் மேல் படுத்துக்கொள்கிறது, ஒய் அச்சு எக்ஸ் அச்சின் இடத்துக்கு வந்துவிடுகிறது. "2 வலப்பக்கம், 5 மேலே" என்று போன பயணம் அப்படியே "2 மேலே, 5 வலப்பக்கம்" ஆகிவிடுகிறது, சோடியில் எண்களை மாற்றிப் போட்டாலும் இதுதான் நடக்கும். எனக்கு இது இன்றைக்கும் அலுக்காத விஷயம். வெறும் எழுத்து வேலையாகத் தெரிகிற ஒன்று, இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதுவது, தாளையே மடிக்கிற வேலையாக மாறிவிடுகிறது பாருங்கள். கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு: (2, 5)-க்கும் (5, 2)-க்கும் நடுப்புள்ளி (3.5, 3.5), அது அந்தக் குறுக்குக் கோட்டின் மேலேயே இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கோடு அதைச் செங்குத்தாக வெட்டுகிறது.

இதிலிருந்து ஆசிரியருக்குக் கிடைக்கும் லாபம் என்னவென்றால், கண்ணாடியின் மேலேயே இருக்கிற புள்ளி எந்தப் பக்கமும் நகராது. (4, 4)-ஐ எப்படி மாற்றினாலும் (4, 4)தான். அதனால் "(3, 3)-ஐக் குறி பார்க்கலாம்" என்று சோதித்தால் பிள்ளைக்குப் புரிந்ததா என்று தெரியவே தெரியாது. இதைவிட மோசம், நாம் முதல் பயிற்சியாகக் கொடுக்கிற சதுரம். (1, 1), (4, 1), (4, 4), (1, 4). எல்லாச் சோடியையும் தலைகீழாகப் படித்த பிள்ளைக்கும் அச்சு அசலாக அதே சதுரம்தான் வரும், சிவப்பு மையில் சரி என்றும் விழும். பிறகு ஒரு மாதம் கழித்து நேர்க்கோட்டுச் சமன்பாட்டில் மாட்டும்போது "அன்றைக்கு நன்றாகப் போட்டானே" என்று நாம் தலையைச் சொறிவோம். குறுக்குக் கோட்டுக்கு இருபுறமும் ஒத்துப்போகாத உருவத்தைக் கொடுங்கள். கொடி நல்லது, எல் எழுத்து வடிவம் வேண்டாம், மூலை குறுக்குக் கோட்டின் மேல் விழுந்து இரண்டு கையும் ஒரே நீளமாக இருந்தால் அதுவும் ஏமாற்றிவிடும்.

மற்றத் தவறுகளும் இதே கொடியில் தங்கள் கைரேகையை விட்டுப்போகும். ஆதிப்புள்ளியையே ஒன்று என்று எண்ண ஆரம்பிக்கிற பிள்ளையின் கொடி வடிவம் மாறாமல் ஒரு கட்டம் இடப்பக்கமும் ஒரு கட்டம் கீழேயும் நகர்ந்து, கம்பத்தின் அடி எக்ஸ் அச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் ஆதிப்புள்ளிக்குத் திரும்பாமல் முந்தைய புள்ளியிலிருந்தே எண்ணுகிற பிள்ளைக்கு (2, 1), (4, 7), (9, 13) என்று ஏறிக்கொண்டே போய்த் தாளே போதாது. கொடியை ஒய் அச்சுக்கு இடப்பக்கம் வைக்கச் சொல்லி, பிள்ளை எக்ஸின் குறைக் குறியை மட்டும் மறந்தால் ஒய் அச்சு கண்ணாடியாகிவிடும். விடைத்தாளைப் பார்த்தே யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வகை இருக்கிறது: கோடுகள் வெட்டும் இடத்தில் வைக்காமல் கட்டத்துக்கு நடுவில் புள்ளி வைப்பது. சதுரங்கப் பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர், அங்கே காய் கட்டத்துக்குள் நிற்கும். அந்தப் பழக்கம் இங்கே ஒட்டிக்கொண்டு வருகிறது. ராசிக்கட்டத்தில் சனி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக் கல்யாணத்தையே நிறுத்துகிற நாம், கோடு எங்கே, கட்டம் எங்கே என்று சொல்லித்தரக் கூடுதலாக ஒரு பீரியடு ஒதுக்க மாட்டோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், ஓரத்தில் அளவுத்திட்டம் எழுதிவிட்டுப் பழகின கணக்கை இறக்கி வைத்தால் போதும் என்ற நிலைமை. வகுப்பறையில் டிஜிட்டல் திரைகளுக்கும் பலகைகளுக்கும் செலவழிக்கிற பணத்தில் ஒரு சிறு பங்கு, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் எந்தெந்தத் தவறை ஏன் செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்க்கிற ஆய்வுக்குப் போனால் எவ்வளவோ நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, எக்ஸ் ஏன் முதலில் வர வேண்டும்? இயற்கை விதி ஒன்றும் இல்லை, வெறும் உடன்பாடு. கூகுள் மேப்பில் அட்சரேகை முதலில் வரும், அதாவது மேல்கீழ் எண் முதலில். நிரலாளர்கள் புழங்கும் ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவத்தில் தீர்க்கரேகை முதலில். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பெரியவர்களே (2, 5)-ஐ (5, 2)-இல் வைக்கிறார்கள். சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. மாற்றிப் போட்டால் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். டோக்கியோவை மாற்றினால் தீர்க்கரேகை 139-ஐத் தாண்டுவதால், அட்சரேகை 90-க்கு மேல் கிடையாதே என்று மென்பொருள் மறுத்துவிட வாய்ப்புண்டு. இந்தியாவின் பெரும்பகுதிக்குத் தீர்க்கரேகை 90-க்குள்ளேயே இருப்பதால் நமக்கு அந்த எச்சரிக்கையும் வராது, சதுரத்துக்குச் சரி போட்ட மாதிரி அதுவும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும்.