கரி அடுப்பை டிரெய்லருக்குள் கொண்டுபோகாதீர்கள்

விடியற்காலையில் ஒரு குடும்பமே அவசரப் பிரிவுக்கு வந்து நின்றது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். ஜவ்வாது மலையில் இரவு தங்கிவிட்டு நேராக வேலூருக்கு இறங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் தலைவலி, குமட்டல். சின்னவள் அப்பா தோளில் துவண்டு கிடந்தாள். "ஆம்பூர்ல வாங்கின பிரியாணிதான் டாக்டர்" என்றார் மகன். பாட்டி சுத்த சைவம். தயிர்சாதம் சாப்பிட்டவருக்கும் அதே வாந்தி. ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை.

ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்று கேட்டேன். டிரெய்லரில். உள்ளே என்ன எரிந்தது? "ஒண்ணும் எரியல டாக்டர். குளிருக்குக் கொஞ்சம் கரி வெச்சிருந்தோம். அதுல புகையே இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை மார்கழி, தை வந்தால் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் ஹைப்ரிட் டிரெய்லர் என்றால் நடுவில் கெட்டியான பெட்டி, முன்னும் பின்னும் இழுத்து விரித்தால் துணிக்கூடாரம் போட்ட படுக்கை. அமெரிக்காவில் குடும்பங்கள் விரும்பி வாங்குகிற வண்டி. நம் பக்கம் இப்போதுதான் ஒன்றிரண்டு தலைகாட்டுகின்றன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு மெத்தை, தரையில் படுக்க வேண்டாம், பூச்சி பொட்டு பயம் இல்லை. எனக்கும் பிடித்த ஏற்பாடுதான். தகராறு அந்தத் துணியில் இருக்கிறது. "துணிதானே, காத்து வந்துட்டுப் போகும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். ராத்திரி பனி இறங்கியதும் ஜன்னல் மடிப்பை எல்லாம் ஜிப் போட்டு மூடுகிறார்கள். பனியில் நனைந்த துணி காற்றை விடுவது இன்னும் குறைவு. அப்புறம் கோழி சுட்ட அடுப்பில் கங்கு மிச்சம் இருக்கிறதே, வீணாக்குவானேன் என்று உள்ளே தூக்கி வைக்கிறார்கள்.

இப்போது அந்தப் புகை விஷயம். புகை என்பது கண்ணுக்குத் தெரிகிற கரித்தூளும் ஈரமும். அது கண்ணை எரிக்கும், இருமல் வரும், நீங்களே எழுந்து கதவைத் திறப்பீர்கள். ஒரு வகையில் அது உங்கள் காவல்காரன். கரி எரியும்போது வருகிற விஷ வாயு கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தொண்டையில் கமறலும் இல்லை. கரி நன்றாகப் பற்றி, புகை அடங்கி, மேலே சாம்பல் பூத்து "இப்போ பதமா இருக்கு" என்று நீங்கள் சொல்கிற நேரத்திலும் அது அந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். நீறு பூத்த கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடைத்த இடத்தில் காற்று குறையக் குறைய வாயு இன்னும் கூடும். ஆகவே "புகை இல்லை" என்று என்னிடம் சொன்னால் எனக்கு நிம்மதி வராது. மணம் வருமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சமையல் காஸில் வருகிற நாற்றம், கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனிக்காரர்கள் கலப்பது. கரிக்கு அப்படிக் கலந்து கொடுக்க யாரும் இல்லை.

இந்த வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை எடுத்து விரலில் மாட்டி, "99 காட்டுது டாக்டர்" என்கிறவர்களும் உண்டு. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இந்த வாயு ஏறிய ரத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். இதில் அதை நம்பவே நம்பாதீர்கள். ரத்தத்தை எடுத்து அதற்கென்று உள்ள பரிசோதனை செய்தால்தான் தெரியும். உடம்பு செக்கச்செவேலென்று ஆகிவிடும் என்று படித்திருப்பீர்கள். உயிரோடு வருகிறவர்களிடம் அதைப் பார்ப்பது அபூர்வம்.

இன்னொன்று, பெரியவர்கள் சொல்வது: "பனி தலையில இறங்கிடுச்சு, அதான் தலைவலி." உடனே குரங்குக் குல்லா, தைலம், இருக்கிற ஜன்னலையும் இழுத்து மூடல். அம்மா, அப்பா, கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரே இடத்தில் படுத்த இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் முதலில் வெளியே வாருங்கள். பனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வெளியூர்க் கதை என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ கரியை அறைக்குள் வைத்துத் தூங்கிய நண்பர்களில் இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அங்கே கரி இல்லை, ஜெனரேட்டர்.

ஜெனரேட்டர் என்றதும் ஹைப்ரிட் வண்டிக்கே உரிய ஒரு முட்டாள்தனம் ஞாபகம் வருகிறது. வெளியே நீட்டிய படுக்கைக்கு அடியில் இடம் காலியாக இருக்கும். பனி படாது, யாரும் தூக்கிப் போக மாட்டார்கள் என்று ஜெனரேட்டரை அங்கே தள்ளிவிடுகிறார்கள். மேலே துணிக்குள் பிள்ளைகள். குறைந்தது 20 அடி தள்ளி, காற்று வண்டிப் பக்கம் அடிக்காத திசையில், புகைக்குழாயை அந்தப்புறம் திருப்பி வையுங்கள். வயர் எட்டவில்லையா, நீளமான வயர் வாங்குங்கள். தூங்கும்போது அணைத்துவிடுங்கள். ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் மார்கழியில் ஏசி எதற்கு?

கரி, குமுட்டி அடுப்பு, பார்பிக்யூ எதுவும் உள்ளே வரக்கூடாது, கூடாரத் தாழ்வாரத்துக்குள்ளும் கூடாது, அணைந்த மாதிரி இருந்தாலும் கூடாது. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். காஸ் அடுப்பு சமைக்க மட்டும்தான், குளிர்காய அல்ல. கம்பளி கூட ஒன்று எடுத்துப் போங்கள், வெந்நீர்ப் பை வையுங்கள். எதிரெதிரே இரண்டு ஜன்னல் மடிப்பு ராத்திரி முழுக்கக் கொஞ்சம் திறந்திருக்கட்டும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று கரியை உள்ளே கொண்டுவந்தால் கணக்கு பழையபடிதான். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி, புகை அலாரம் தனி. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. வாடகைக்கு விடுகிற அண்ணன்மார்களே, வெளியே கலர் விளக்கு தோரணம் கட்டுகிற காசில் இதை வாங்கி உள்ளே மாட்டலாம்.

நடந்துவிட்டால்: எல்லோரையும் வெளியே இழுங்கள், 108-ஐ கூப்பிடுங்கள். நீங்களே காரை எடுத்துக்கொண்டு ஏலகிரியின் 14 வளைவுகளில் இறங்காதீர்கள். ஸ்டியரிங் பிடிப்பவரும் அதே காற்றைத்தான் ராத்திரி முழுக்க இழுத்திருக்கிறார். வயிற்றில் பிள்ளையோடு ஒருவர் இருந்தால், அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் வந்தே ஆக வேண்டும். குழந்தைக்குத் தாயைவிட அதிகமாக ஏறும், மெதுவாக இறங்கும். மருத்துவமனையில் முதல் வாக்கியமே "உள்ளே கரி இருந்தது" என்று இருக்கட்டும். பிரியாணியில் ஆரம்பித்தால் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

வெறும் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். இறுக்கமான மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒரு மணி, ஒன்றரை மணியில் குறையும். அதனால்தான் "தலைவலி போயிடுச்சு, கிளம்பறோம்" என்றால் விடமாட்டோம். மூளைக்கு ஆன பாதிப்பு தாமதமாகவும் வெளியே தெரியலாம், அதனால் வீட்டுக்குப் போனபின் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரைக்கும் கவனம் வேண்டும். தாத்தா சொன்னதையே திரும்பச் சொன்னாலோ, நடை தள்ளாடினாலோ, கலகலப்பானவர் உம்மென்று உட்கார்ந்தாலோ, வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் டிஸ்சார்ஜ் சீட்டோடு கூட்டி வாருங்கள்.