‘இனி ஒரு ஸ்னூக்கர் வேண்டும்’: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மேசைமேல் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் போடும் ஸ்னூக்கர் போட்டியின் நேர்முக வர்ணனையைக் கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு பிரேம், அதாவது போட்டியின் ஒரு சுற்று, முடியப்போகிற நேரத்தில் வர்ணனையாளர், ‘இவருக்கு இனி ஒரு ஸ்னூக்கர் வேண்டும்’ என்பார். முதல்முறை கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆடிக்கொண்டிருப்பதே ஸ்னூக்கர்தானே, அதற்குள் இன்னொரு ஸ்னூக்கர் எங்கிருந்து வரும்? ‘இந்தியாவுக்கு இன்னும் ஒரு கிரிக்கெட் தேவை’ என்று யாராவது சொல்வார்களா?

சொல் ஒன்றுதான், ஆனால் அது மூன்று வேலை பார்க்கிறது. ஆட்டத்தின் பெயர் அது. ஆட்டத்துக்குள் வருகிற ஒரு நிலைமைக்கும் அதே பெயர். இந்த இரண்டுக்கும் முன்னால் அது ஓர் ஆளைக் குறித்தது, அதுவும் கேலியாக.

அந்தக் கேலி இங்கிலாந்தில் வூலிச் ராணுவப் பயிற்சிக் கழகத்தில் பிறந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பையன்களைப் பழைய மாணவர்கள் ‘ஸ்னூக்கர்’ என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் தொழில் பிடிபடாதவனைக் கத்துக்குட்டி என்கிறோமே, கிட்டத்தட்ட அது. 1875இல் ஜபல்பூரில், டெவன்ஷயர் படைப்பிரிவின் அதிகாரிகள் விடுதியில், மழைக்காலப் பொழுதைப் போக்கப் பில்லியர்ட்ஸ் மேசையே கதி என்று கிடந்தார்கள். பதினைந்து சிவப்புப் பந்தும் ஒரு கறுப்புப் பந்தும் வைத்து ஆடுவது அப்போது வழக்கம். நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி அதில் வேறு நிறப் பந்துகளையும் சேர்த்துப் பார்த்தார். (பிற்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரானவர் இவர் இல்லை. பெயர் மட்டும் ஒன்று.)

ஒருநாள் வூலிச்சில் படித்த இளைஞன் ஒருவன் விருந்தாளியாக வந்தான். பேச்சுவாக்கில் இந்தக் கேலிச் சொல்லை அவன் எடுத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர், குழியோரம் சுலபமாகக் கிடந்த பந்தைத் தவறவிட்டார். நீ சரியான ஸ்னூக்கர் என்றார் சேம்பர்லின். அப்புறம், அவர் மனம் நோகக்கூடாதே என்று, இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான், ஆட்டத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிடலாம் என்று சமாளித்தார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1938இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் சேம்பர்லினே இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்த கட்டம் நம் நீலகிரியில். சேம்பர்லின் ஆப்கன் போரில் காயம்பட்டு, பிறகு சென்னைப் படையின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸின் பரிவாரத்தில் சேர்ந்தார். கோடை வந்தால் சென்னை அரசாங்கமே மலையேறிவிடும் காலம் அது. அவரும் ஊட்டிக்குப் போனார். 1882இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஸ்னூக்கரின் விதிகள் ஒழுங்காக எழுதி ஒட்டப்பட்டன. பெயர் ஜபல்பூரில், விதி ஊட்டியில். அந்த கிளப் கட்டடம் இன்றும் இருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். முதலில் எழுத்து. ‘ஸ்நூக்கர்’ என்றும் எழுதுகிறார்கள், ‘ஸ்னூக்கர்’ என்றும் எழுதுகிறார்கள். தமிழில் ஒரு சொல்லின் நடுவே ‘ந’ வருவது பெரும்பாலும் ‘த’வுக்கு முன்னால்தான்: பந்து, வந்தான், சந்தை. மற்ற இடங்களில் ‘ன’தான் இயல்பு. அதனால் என் ஓட்டு ஸ்னூக்கருக்கு. மெய்யெழுத்தில் சொல் தொடங்கக்கூடாது என்பவர்கள் ‘சுனூக்கர்’ என்று எழுதலாம், இலக்கணப்படி அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சத்தமாக ஒருமுறை படித்தால் ஏதோ மூக்கு வைத்தியம் மாதிரிக் கேட்கிறது.

ஆட்டத்தின் பெயரை மொழிபெயர்க்கவும் வேண்டுமா? தேவையில்லை என்பது என் எண்ணம். அது வேடிக்கையாக வைத்த பட்டப்பெயர், அதற்குள் ஆட்டத்தைப் பற்றிய பொருள் எதுவும் இல்லை. பொருள் பார்த்துப் பெயர்த்தால் ‘கத்துக்குட்டி ஆட்டம்’ என்றாகிவிடும், ஆடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். சீனர்களும் ஒலியைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

பில்லியர்ட்ஸ் கதை வேறு. அந்தச் சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் கோல், கட்டை என்ற பொருள் தருவது. எனவே ‘கோற்பந்தாட்டம்’ என்றால் கிட்டத்தட்ட அதே பொருளை அதே வழியில் சொல்லிவிடலாம். கையில் பிடிக்கும் ‘கியூ’வுக்கும் கோல் போதும். அந்தக் ‘கியூ’ பிரெஞ்சில் வால் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ரேஷன் கடையில் நாம் நிற்கிற கியூவும் அதே வால்தான்.

இனி மிச்சமிருக்கும் வேலை, ஆட்டத்துக்குள் வரும் அந்த நிலைமை. உண்மையில் தமிழ்ச் சொல் வேண்டியது இங்கேதான். மேசையில் மொத்தம் 22 பந்துகள்: சிவப்பு 15, மற்ற நிறங்கள் 6, அடிக்கிற வெள்ளை ஒன்று. எந்த நேரத்தில் எந்தப் பந்தை முதலில் தொடவேண்டும் என்பதற்கு முறை உண்டு. உங்கள் முறைக்கு நீலத்தைத் தொடவேண்டும் என்று வையுங்கள். எதிராளி வெள்ளையை நகர்த்திக் கறுப்புக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். நீலம் அந்தப் பக்கம், வெள்ளை இந்தப் பக்கம், நடுவில் கறுப்பு. நேராக அடிக்க வழியில்லை. ஓரப் பட்டையில் மோதவிட்டு, சுற்றிக்கொண்டு போய்த் தொடவேண்டும். தொடவில்லையென்றால் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி, அதிகபட்சம் 7. இந்த நிலைமைக்குத்தான் ஸ்னூக்கர் என்று பெயர்.

மறைப்பு என்று சொல்லலாமே என்று தோன்றும். எனக்கு அது சரிப்படவில்லை. பந்து பாதி கண்ணுக்குத் தெரிந்தாலும் விதிப்படி அது ஸ்னூக்கர்தான். வழி கொஞ்சம் அடைபட்டாலும் கணக்கு உண்டு. அடிக்கவேண்டிய பந்தின் இரண்டு விளிம்பையும் தடையில்லாமல் நேராகத் தொட முடிந்தால்தான் அது ஸ்னூக்கர் இல்லை. ஆக, கேள்வி பார்வையைப் பற்றியது அல்ல, பாதையைப் பற்றியது. பாதையில் குறுக்கே நிற்பதற்குத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கிறது: மறித்தல். வழிமறித்தான் என்கிறோம், சாலை மறியல் என்கிறோம். மேசையில் கறுப்புப் பந்து செய்வதும் மறியல்தான், கோஷம் போடாமல்.

எனவே மறிப்பு. வினையாகவும் நன்றாக வளைகிறது: மறிப்பு வைத்தார், மறிப்பில் மாட்டினார், மறிப்பிலிருந்து மீண்டார். ஆடுபுலி ஆட்டத்தில் புலி நகர முடியாதபடி ஆடுகளை நிறுத்தி அடைப்பதும் இதே புத்திதான். ‘மறி’ என்றால் பழந்தமிழில் ஆட்டுக்குட்டி என்றும் பொருள் உண்டு. இரண்டுக்கும் உறவு இருப்பதாகச் சொல்லவில்லை, பொருத்தமாக இருக்கிறதே என்றுதான்.

இப்போது வர்ணனையாளரின் வாக்கியத்துக்குத் திரும்பலாம். மேசையில் ஆறு நிறப் பந்துகள் மட்டும் மிச்சம். மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. கூட்டினால் 27. நீங்கள் 30 புள்ளி பின்னால் இருக்கிறீர்கள். அத்தனையையும் குழியில் போட்டாலும் போதாது. எதிராளி தப்பு செய்து 4 புள்ளியாவது தந்தால் 31 ஆகும், ஜெயிக்கலாம். தப்பு செய்யவைக்க ஒரே வழி, மறிப்பு வைப்பது. ‘இவருக்கு இனி ஒரு மறிப்பு வேண்டும்’ என்று எழுதினால் வாசகர் திகைக்கமாட்டார்.

முடிவுச் செய்தியில் வரும் மற்ற சொற்கள் அவ்வளவு தொந்தரவு தருவதில்லை. டென்னிசுக்கு ‘செட் கணக்கில்’ என்று எழுதிப் பழகிவிட்டோம், இதற்குப் ‘பிரேம் கணக்கில்’. 2025 உலக சாம்பியன்ஷிப் இறுதியில் சீனாவின் ஜாவ் ஷின்டாங், வேல்ஸின் மார்க் வில்லியம்ஸை 18-12 என்ற பிரேம் கணக்கில் வென்றார் என்றால் விஷயம் முடிந்தது. அதிகபட்சம் 35 பிரேம், அதில் 18 எடுத்தவர் சாம்பியன். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆள் ஜாவ். ‘பிரேக்’ என்பதை மட்டும் முறிவு, இடைவேளை என்றெல்லாம் பெயர்த்துவிடக்கூடாது. ஒரே மூச்சில், முறை மாறாமல் எடுக்கும் புள்ளிகள் அவை. ‘தொடர்’ என்று சொல்லலாம். நூறைத் தொட்டால் சதம், கிரிக்கெட் ஏற்கெனவே பழக்கிக் கொடுத்திருக்கிறது.

இந்தப் போட்டி 1977இலிருந்து நடப்பது ஷெஃபீல்டில், குரூசிபிள் அரங்கில். குரூசிபிள் என்றால் தட்டான் பொன் உருக்குகிற மூசை. எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டுக்கு ஏற்ற பெயர்.

அங்கே 1985 இறுதியாட்டத்தில் ஸ்டீவ் டேவிஸும் டெனிஸ் டெய்லரும் ஆளுக்கு 17 பிரேம் எடுத்திருந்தார்கள். கடைசிப் பிரேம். டேவிஸ் 62, டெய்லர் 44, மேசையில் நான்கு பந்து, 22 புள்ளி. வித்தியாசம் 18தான், ஆகவே மறிப்பு தேவையில்லை. ஆனால் நான்கில் ஒன்றைக்கூட விடக்கூடாது. டெய்லர் பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு மூன்றையும் போட்டார்: 59. மிச்சம் கறுப்பு ஒன்றுதான், யார் போட்டாலும் பட்டம் அவருக்கு. நள்ளிரவு தாண்டிவிட்டது, பிரிட்டனில் 1.85 கோடிப் பேர் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் மாறிமாறித் தவறவிட்டார்கள். கடைசியில் டேவிஸுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மற்ற நாளாக இருந்தால் போட்டிருப்பார். பந்து குழிக்குள் விழவில்லை. டெய்லர் வந்து போட்டுவிட்டு, கோலை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினார். உலகின் முதல்நிலை வீரர் டேவிஸ் அந்த ஒரு அடியில், ஜபல்பூர் விடுதிக்காரர்கள் சொன்ன பொருளில், ஸ்னூக்கர்.