பைக் டேங்குக்குள் எத்தனை முட்டை?

ஒரு டன் மக்காச்சோளத்தை எத்தனால் ஆலைக்குள் அனுப்பினால், பெட்ரோலில் கலக்கும் எத்தனால் சுமார் 380 லிட்டர் கிடைக்கும். எடையில் அது 300 கிலோ. ஏறக்குறைய அதே அளவு கரியமில வாயுவாகப் பறந்துவிடும். இன்னொரு 300 கிலோ சொச்சம், புளித்த வாடையடிக்கும் பழுப்புத் தூளாகச் சாக்கில் ஏறும். இப்படிப் பயிரிலிருந்து எடுக்கும் உயிரி எரிபொருள் நல்லதா கெட்டதா என்ற சண்டையில் பாதி, இந்த மூன்று பங்கில் எதைக் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான்.

ஆலைக்குள் நடப்பது கள் புளிக்கிற அதே வேலை. தானியத்தை மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்துச் சூடாக்குவார்கள். நொதிகள் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை வெட்டி குளுக்கோஸாக்கும். ஈஸ்ட் அதைத் தின்று இரண்டு மூன்று நாளில் சாராயமாக்கும். 180 கிராம் குளுக்கோஸில் 92 கிராம்தான் எத்தனாலாகும், மீதி 88 கிராம் கரியமில வாயு. காய்ச்சி வடித்தால் 95 சதவீதம் சொச்சம் வரை சுத்தமாகும். அதற்கு மேல் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தே ஆவியாவதால், மிச்சத் தண்ணீரைப் பிரிக்க ஸியோலைட் மணிகள் வேண்டும். அவற்றின் நுண்துளைக்குள் தண்ணீர் மூலக்கூறு நுழையும், எத்தனால் நுழையாது. இத்தனைக்கும் நீராவி தேவை. அந்த நீராவிக்குக் கொதிகலனில் எதை எரிக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2018-ஆம் ஆண்டுக் கொள்கை 2030-க்கு வைத்திருந்தது. பிறகு அதை 2025-26-க்கு முன்னால் இழுத்தார்கள், 2025-இல் எட்டியும் விட்டார்கள். ஆரம்பத்தில் எத்தனால் என்றால் கரும்பாலைக் கழிவுப்பாகுதான். 2023-இல் மழை பொய்த்து, சர்க்கரை விலை ஏறும் என்ற பயத்தில் அந்த ஆண்டு டிசம்பரில் கரும்புச் சாற்றை எத்தனாலாக்கக் கட்டுப்பாடு வந்தது. அதற்குச் சில மாதம் முன்பே இந்திய உணவுக் கழகம் ஆலைகளுக்கு அரிசி தருவதை நிறுத்தியிருந்தது. மிஞ்சியது மக்காச்சோளம். அதிலிருந்து எடுத்த எத்தனாலுக்கு லிட்டர் 71 ரூபாய் 86 காசு என்று விலையும் வைத்தார்கள். கரும்பை முந்தி அது முதலிடத்துக்கு வந்தது.

இந்த இடத்தில்தான் நாமக்கல் உள்ளே வருகிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்கிறது என்று வைத்தால், அதில் மக்காச்சோளம் 55 கிராம். உங்கள் பைக் டேங்கில் 10 லிட்டர் பிடிக்கும் என்றால் அதில் எத்தனால் 2 லிட்டர். அது முழுக்க மக்காச்சோளத்திலிருந்து வந்திருந்தால் சுமார் 5¼ கிலோ. ஒரு கோழிக்கு மூன்று மாதத்துக்கு மேல் வரும். அந்த மூன்று மாதத்தில் அது எண்பது முட்டையாவது இட்டிருக்கும்.

உடனே பதறவும் வேண்டாம். மூன்றாவது பங்கான பழுப்புத் தூள் திரும்பத் தீவனத்துக்குத்தான் வருகிறது. மாவுச்சத்து மட்டும் போய்விட்டதால் புரதம், கொழுப்பு, நார் எல்லாம் அதில் சுமார் மூன்று மடங்கு செறிந்திருக்கும். மாட்டுக்கு நல்ல தீனி. ஆனால் மூன்று மடங்காகிற இன்னொன்றும் உண்டு. சரியாகக் காயாத கதிரில் பூஞ்சணம் பிடித்து உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சைக் காய்ச்சி வடிப்பது அழிப்பதில்லை, அதுவும் தூளிலேயே தங்கிவிடும். கோழியின் ஈரலை முதலில் தாக்குவது அதுதான். தவிர, கோழிக்கு மக்காச்சோளம் முக்கியமாக எரிசக்திக்காக. அந்த எரிசக்தி இருந்த மாவுச்சத்துதான் வண்டிக்குப் போய்விட்டதே! தூள் விலை மலிவு என்பதால் சோயாப் புண்ணாக்குக்கு இருந்த கிராக்கியும் அடிவாங்கியது. மக்காச்சோளம் விதைத்தவருக்கு லாபம், சோயா விதைத்தவருக்கு நஷ்டம்.

2024-இல் விலை ஏறியபோது, வழக்கமாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்யும் இந்தியா, மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் விதைத்து, படைப்புழுவோடு மல்லுக்கட்டிய விவசாயிக்கு அந்த விலை கிடைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முட்டை மலிவாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் காலமெல்லாம் நஷ்டப்பட முடியாது. சிக்கல், அந்த விலை சந்தையில் முடிவாவதைவிட அரசாணையில் அதிகம் முடிவாகிறது என்பதுதான். அடுத்த பருவத்தில் உணவுக் கழகத்தின் அரிசி குவிண்டால் 2,250 ரூபாய்க்கு ஆலைகளுக்குத் திறந்துவிடப்பட்டது. மக்காச்சோள விளைச்சலும் அமோகம். 2025 நவம்பரில் கர்நாடகத்தின் கதக், ஹாவேரி மாவட்டங்களில் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டு ஆதார விலை 2,400 ரூபாய், சந்தையில் அதற்குக் கிட்டவே வரவில்லை.

நிலத்தின் கணக்கு இதைவிட மறைமுகமானது. ஒரு வயலில் சோயா போய் மக்காச்சோளம் வந்தால் அங்கே எந்தக் காடும் அழிவதில்லை. ஆனால் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இறக்குமதி. சோயா குறைந்த அளவுக்கு இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில் கூடுதலாக வரும். கச்சா எண்ணெயில் மிச்சம் பிடித்த டாலர் சமையல் எண்ணெயில் கசியும். பாமாயிலுக்காக எங்கோ வெட்டப்படும் காடு யார் கணக்கிலும் ஏறாது. அமெரிக்காவும் தன் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலுக்கு அனுப்புகிறது. அங்கே ஆய்வாளர்கள் இந்த மறைமுக நில மாற்றத்தை எப்படி அளப்பது என்று 2008-லிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அளக்கும் முறை மாறினால் எத்தனால் பெட்ரோலைவிட நல்லதாகவும் வருகிறது, மோசமாகவும் வருகிறது.

தண்ணீரில் மக்காச்சோளத்துக்கே வெற்றி. சர்க்கரை வழியாக ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க 2,860 லிட்டர் தண்ணீர் என்பது நிதி ஆயோக்கின் கணக்கு. கரும்பு பத்துப் பன்னிரண்டு மாதம் வயலில் நிற்கும், மானாவாரி மக்காச்சோளம் நூறு நாள் சொச்சத்தில் வீட்டுக்கு வந்துவிடும். கரியமிலக் கணக்கில் நிலைமை தலைகீழ். கரும்பாலை தன் சக்கையையே எரித்து நீராவி எடுத்துக்கொள்ளும். தானிய ஆலையில் அந்த வசதி இல்லை. கொதிகலனில் நிலக்கரி எரிந்தால், பெட்ரோலில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். வயலில் போட்ட யூரியாவில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகும். அது கரியமில வாயுவைவிட சுமார் 270 மடங்கு சூடேற்றும். அதோடு, எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒரு லிட்டர் எத்தனால் ஒரு லிட்டர் பெட்ரோலை மிச்சப்படுத்துவதில்லை.

உணவுப் பயிரே வேண்டாம் என்று முன்பு ஒரு முயற்சி நடந்தது. 2003-இல் திட்டக்குழு காட்டாமணக்கு டீசலுக்குப் பெரிய திட்டம் போட்டது. தமிழ்நாட்டிலும் தரிசில் நட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் இல்லாமல் செடி பிழைத்தது, காய்தான் சொன்ன அளவுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது நம்பிக்கை வைக்கோல் பக்கம் திரும்பியிருக்கிறது. ஹரியாணாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் 2022-இல் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்க வடிவமைக்கப்பட்டது. வைக்கோலிலும் இருப்பது குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் செல்லுலோஸில் அது இறுக்கி அடுக்கப்பட்டு, செடிக்கு விறைப்புத் தரும் லிக்னினால் பூசப்பட்டிருக்கும். நொதி உள்ளே நுழையவே அமிலமும் உயர் அழுத்த நீராவியும் வேண்டும். போதாததற்கு நெல் வைக்கோலில் மணல் போன்ற சிலிக்கா, இயந்திரத்தைத் தேய்க்கும். அதையெல்லாம் சமாளித்தாலும் நாள்காட்டியைச் சமாளிக்க வேண்டும். பஞ்சாப், ஹரியாணாவில் நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது மூன்று நான்கு வாரம். ஆண்டு முழுக்க ஆலை ஓடத் தேவையான வைக்கோலை அதற்குள் கட்டி, ஏற்றி, நனையாத இடத்தில் அடுக்கியாக வேண்டும். விவசாயிக்கோ தீக்குச்சி ஒன்று போதும், அரை நாளில் வயல் காலி. வைக்கோல் கட்டுக்கு அவர் கைக்கு என்ன விலை வருகிறது என்பதுதான் அந்த ஆலைக்கு நொதியைவிட முக்கியமான மூலப்பொருள்.