செல்ஃப் அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட, பின்னால் வந்த கார் அதில் போய் முட்டிவிட்டது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. பம்பர் உடைந்து தொங்குகிறது, பானெட் கூடாரம் மாதிரி மடிந்து நிற்கிறது, ரேடியேட்டரிலிருந்து பச்சைத் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது. கை நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் ஓட்டி வந்தவர் சாவியைத் திருப்பிப் பார்க்கிறார். செல்ஃப் நன்றாக அடிக்கிறது. இன்ஜின் மட்டும் பிடிக்க மாட்டேன் என்கிறது. சுற்றி நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் "இன்ஜின் போச்சு சார்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. காரிலேயே கெட்டியான பொருள் இன்ஜின்தான். அதற்கு முன்னால் இருக்கும் தகரமோ நசுங்குவதற்கென்றே வைக்கப்பட்டது. மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரெனி இந்த யோசனைக்கு 1951-லேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1959-ல் அது காராக ரோட்டுக்கு வந்தது. முன்பக்கம் நசுங்கும்போது அடிபடுவது அங்கே குடியிருக்கும் வயர், சென்சார், ஃபியூஸ் பெட்டி, பேட்டரி. சில வண்டிகளில் இவையும் நன்றாகவே இருக்கும். வண்டி வேண்டுமென்றே நிற்கும்.

பெட்ரோல் வாசனை அடித்தால் சாவியைத் தொடவே கூடாது, விலகி நிற்க வேண்டும். வாசனை இல்லை என்றால் மேலே போகலாம்.

கார்புரேட்டர் காலத்துக் கார்கள் பலவற்றில் பெட்ரோல் பம்பை இன்ஜினே ஓட்டியது. இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும். இன்ஜெக்‌ஷன் வந்தபின் பம்ப் மின்சாரத்துக்கு மாறி டாங்கிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குழாயில் சுமார் 3 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதைவிட அதிகம். மோதலில் அந்தக் குழாய் அறுந்து, பம்ப் மட்டும் தொடர்ந்து ஓடினால், சூடான சைலன்சர் குழாய் மேல் பெட்ரோல் பீய்ச்சும். இதைத் தடுக்கத்தான் இனர்ஷியா ஸ்விட்ச் வந்தது.

இந்த ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. புனல் மாதிரி ஒரு குழி, அதன் அடியில் ஒரு காந்தம், காந்தம் பிடித்து வைத்திருக்கும் ஓர் எஃகுக் குண்டு. சாதாரண பிரேக்குக்குக் குண்டு அசையாது. பலமாக மோதினால், வண்டி நின்றுவிடும், குண்டு நிற்காது. அதுவரை போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே முன்னே போகப் பார்த்து, காந்தத்தின் பிடியை உதறி, புனலின் சரிவில் ஏறி, மேலே இருக்கும் தகட்டைத் தட்டும். தகடு எழும்பியதும் பம்புக்குப் போகும் கரன்ட் நின்றுவிடும். நியூட்டனின் முதல் விதியை மட்டும் நம்பி வேலை செய்கிறது. சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது. ஸ்விட்சின் தலையில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் குண்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். ஃபோர்டு, ஃபியட் கார்கள் பலவற்றில் இது இருந்தது, சிலவற்றில் முன்சீட்டுக் காலடியின் ஓரத்தில், சிலவற்றில் டிக்கிக்குள். பெரிய பள்ளத்தில் இறங்கினால்கூடச் சில சமயம் குண்டு எகிறிவிடும். அது தெரியாமல் டோ பண்ணிக் கொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர்.

இன்றைய கார்களில் குண்டின் வேலையை ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. மோதலை உணர்ந்ததும் இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூவுக்குச் செய்தி அனுப்பும். ஈசியூ பம்பை நிறுத்தும். பல வண்டிகளில் கதவுப் பூட்டும் தானாகத் திறக்கும், ஹசார்டு விளக்கும் மினுக்கும். இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானதால் இந்தப் பெட்டி சின்னக் கார்களிலும் வந்துவிட்டது. இதற்குப் பொத்தான் கிடையாது. சில வண்டிகளில் சாவியை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் போதும். சிலவற்றில் ஈசியூவோடு பேசும் ஸ்கேனர் கருவியைப் போட்டுத்தான் விடுவிக்க வேண்டும். பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் இன்னும் ஒரு படி மேலே போய், பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலில் ஒரு துளி வெடிமருந்தையே வைத்திருக்கிறார்கள். மோதலில் அது வெடித்து, செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளைத் துண்டித்துவிடும். விளக்குகள் எரியும், செல்ஃப் மட்டும் அடிக்காது.

அதனால் முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம், காது போதும். பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்துச் சாவியை ஆனில் போடுங்கள், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். சீட்டுக்கு அடியிலிருந்து ஓரிரு வினாடி "ம்ம்ம்" என்று மெல்லிய முனகல் கேட்டால் பம்ப் ஓடுகிறது. நிசப்தம் என்றால், பம்பின் ஃபியூஸும், அதற்குக் கரன்ட் விடும் மின் ஸ்விட்சான ரிலேயும் சரியாக இருந்தால், துண்டிப்பைச் சந்தேகிக்கலாம்.

சரி, பம்ப் ஓடுகிறது, செல்ஃபும் அடிக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது லேசாகத் துள்ள வேண்டும். துள்ளாவிட்டால், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க்கைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் மேல் ஒரு கண் வைக்கலாம். கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல்சக்கரத்தின் எதிரே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இந்தச் சென்சார் இருக்கும். பல இன்ஜின்களில் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் உண்டு, 58 மட்டுமே வெட்டியிருப்பார்கள். பல்லுக்குப் பல் 6 டிகிரி. அந்த இரண்டு பல் ஓட்டை கடக்கும்போதுதான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று ஈசியூவுக்குத் தெரியும். மோதலில் சென்சாரின் பிடிமானம் சற்று வளைந்தாலே போதும், சிக்னல் மங்கிவிடும். எங்கே என்று தெரியாமல் ஈசியூ ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது.

நான் நன்றாக ஏமாந்த இடம் ஒன்று உண்டு. டிங்கரிங் முடித்து, ரேடியேட்டர் மாற்றி, வண்டி பார்க்க அம்சமாக நின்றது, ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்கேனர் போட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து சென்சார்களின் பெயரைச் சொன்னது. ஒரே நாளில் ஐந்தும் எப்படிக் கெடும்? கெட்டது ஒன்றுதான். ஈசியூ பல சென்சார்களுக்கு ஒரே இணைப்பிலிருந்து 5 வோல்ட் கொடுக்கிறது. ஏசி வாயுவின் அழுத்தத்தைப் பார்க்கும் சென்சார் பல வண்டிகளில் முன்பக்கத்திலேயே, கண்டென்சருக்குப் பக்கத்தில் இருக்கும். அது நசுங்கி உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் அந்த 5 வோல்ட்டையே தரைக்கு இழுத்துவிடும். கூடவே மற்ற எல்லாச் சென்சாரும் ஊமையாகும். மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாக்கெட்டாகப் பிடுங்கினோம். ஏசி சாக்கெட்டைப் பிடுங்கியதும் மீட்டர் 5-ஐக் காட்டியது, இன்ஜினும் பிடித்தது. ஏசி சென்சாருக்கும் ஸ்டார்ட் ஆவதற்கும் என்ன சம்பந்தம் என்று அதற்கு முன் கேட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

செல்ஃபே அடிக்கவில்லை என்றால் கதை வேறு. ஆட்டோமேட்டிக் வண்டியில் முதலில் நியூட்ரலில் போட்டுப் பாருங்கள். கியர் கேபிள் நகர்ந்திருந்தால், கியர் 'பார்க்' நிலையில் இருப்பதை வண்டி நம்பாது. அப்புறம் பேட்டரி. 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில் போன கார், அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கண நேரத்தில் காரில் உள்ள எல்லாமும் தன் எடையைப்போல 10 மடங்கு விசையோடு முன்னே தள்ளும். 12 கிலோ பேட்டரி 120 கிலோ ஆள் மாதிரி கிளாம்பை இழுக்கும். கிளாம்ப் தாங்கினாலும் உள்ளே ஈயத் தகடுகளின் இணைப்பு விட்டுப்போகலாம். அப்படிப்பட்ட பேட்டரி சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் காட்டி நல்லபிள்ளை வேஷம் போடும்; செல்ஃப் அடித்த உடனே 9.6-க்கும் கீழே சரியும். அளப்பதாக இருந்தால் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் 'டக்' என்று ஒரே சத்தத்தோடு நின்றால் எர்த் வயரைத் தேடுங்கள். இன்ஜின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரன்ட் பாயாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் ஒரு பின்னல் வயர் இணைக்கும். மோதலில் இன்ஜின் ஓர் அங்குலம் ஆடினால் அந்த வயர் அறும், அல்லது போல்ட் தளரும். செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், தளர்ந்த இடத்தில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும் 3 வோல்ட் அங்கேயே காலி. ஜம்ப் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் மாட்டுங்கள். செல்ஃப் உயிர்பெற்றால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

அதற்கும் அசையவில்லையா? சாவியை எடுத்துவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம். இப்போது சுற்றினால் சிக்கியிருப்பது ஆல்டர்னேட்டரோ ஏசி கம்ப்ரஸரோதான். பெல்ட் இல்லாமலும், கியர் நியூட்ரலில் இருந்தும் நகரவில்லை என்றால் மட்டும் கூட்டத்தில் நின்றவர் சொன்னதை யோசிக்கலாம்.

எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றால், பத்து வினாடி சத்தத்தைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். கூலன்ட் இல்லாமல் நாலு கிலோமீட்டர் ஓட்டினாலே இன்ஜினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் வளைய வாய்ப்புண்டு. விபத்துக்குப் பின் பழுது பார்க்காமல் ஓட்டி அதனால் கூடுதலாக ஏதாவது கெட்டால், அது உரிமையாளரின் பொறுப்பு என்று நம் ஊர் வாகனக் காப்பீட்டுப் பத்திரத்திலேயே போட்டிருக்கிறது. மோதலில் தப்பித்த இன்ஜினை ஒர்க்‌ஷாப் போகும் வழியில் நாமே கொன்றால் அந்தச் செலவு நம் பையிலிருந்துதான். ரெக்கவரி வண்டிக்குப் போன் போடுங்கள்.